துரத்தாத படகு

எஞ்சினை கியரிலிருந்து எடுத்து, சும்மா முனக விட்டுவிட்டு, நெரைதா படகின் பின்பலகையில் உட்கார்ந்தாள். இனி அவள் செய்வதற்கு ஒன்றுமில்லை. அந்த முனகல் கேட்டால்தான் படகு எங்கே நிற்கிறது என்று திமிங்கலத்துக்குத் தெரியும். தெரிந்தபின் வருவதும் வராததும் அதன் இஷ்டம்; துரத்தக்கூடாது. காயலில் திமிங்கலம் காட்டப் படகோட்டும் அத்தனை பேரும் படகுச் சங்கத்தில் கைதூக்கி ஒப்புக்கொண்ட சட்டம் இது. கைதூக்கியவர்கள் எல்லாம் மதிக்கிறார்களா என்று கேட்டால், அது வேறு கதை.

"பொண்ணே, அதோ மூச்சு விடுது பாரு. கொஞ்சம் ஓட்டேன்," என்றார் எவேலியோ. எர்மோசீயோ நகரத்தில் கசாப்புக்கடை வைத்திருப்பவர். மனைவி பிரிஹிதாவையும் அவளுடைய அக்காவையும் கூட்டிக்கொண்டு, கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார்.

"ஓட்டக்கூடாதுங்க. அதுக்கா தோணுனா வரும்."

"தோணலன்னா?"

"காத்து வாங்கிட்டுப் போகலாம்."

பிரிஹிதா சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை.

பேச்சில்தான் இந்தத் துணிச்சல். இந்தப் படகு இன்னும் எத்தனை நாள் கையில் இருக்கும் என்று நெரைதாவுக்கே தெரியாது. கணவன் உப்பளத்து வேலைக்குப் போனபின், இந்தப் பருவத்துக்குப் படகை அவள் கையில் கொடுத்திருந்தது சங்கம். நேற்றும் முந்தாநாளும் அவள் கூட்டிப்போனவர்கள் தூரத்து வாலைப் பார்த்ததோடு திரும்பினார்கள். படகு யாருக்கு என்று முடிவு செய்ய இன்று மாலை சங்கக் கூட்டம். படகைத் தன் மருமகனுக்கு வாங்கிக் கொடுக்க, கணவனின் அண்ணன் ருஃபீனோ ஊரெல்லாம் பேசி வைத்திருந்தார். இன்றும் வெறுங்கையென்றால், மறுபடி சிப்பி உரிக்கும் கொட்டகைதான்.

அந்த ருஃபீனோ இப்போது கண்ணெதிரே ஒரு தாயையும் குட்டியையும் விரட்டிக்கொண்டிருந்தார். அவை மூழ்கினால் அவர் வளைந்தார். எழுந்தால் குறுக்கே போனார். அவர் படகிலிருந்தவர்கள் கைதட்டினார்கள்.

படகு ரேடியோவில் ருஃபீனோவின் குரல் கரகரத்தது. "என்ன நெரைதா, மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்தி வச்சிட்டு உக்காந்திருக்கியா?"

"ஆமா மச்சான். உங்களுக்கும் சேத்து ஒண்ணு ஏத்தியிருக்கேன்."

"பாத்தியா, அவரு எப்படி ஓட்டுறாரு," என்றார் எவேலியோ. நெரைதாவின் கை கியரை நோக்கித் தானாகவே போனது. ஒரே ஒரு தள்ளு, யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் இங்கே வரும் தாய்த் திமிங்கலங்கள் மாதக்கணக்காய் வாயில் ஒன்றும் போடாமல், உடம்பில் சேர்த்த கொழுப்பைக் கரைத்துத்தான் பால் கொடுக்கின்றன. இடுப்பில் பிள்ளையும் காலி வயிறுமாகப் பேருந்துக்கு ஓடிய நாட்கள் நெரைதாவுக்கு மறக்கவில்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இந்தப் பொண்ணு அசையமாட்டா," என்று பெருமூச்சு விட்டு எவேலியோ பரீட்டோ ரொட்டிச் சுருள் பொட்டலத்தைப் பிரித்தார். பசி தீர்ந்ததும் மனம் கொஞ்சம் இளகியது. பிரிஹிதாவின் அக்கா தண்ணீரைத் தட்டிக்கொண்டே ஒரு காதல் பாட்டை எடுத்தாள். காது கொடுத்துக் கேட்க முடியாத குரல்.

"நல்லா வந்துச்சு. இருக்கிற மீனும் ஓடிரும்," என்றார் எவேலியோ. மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நெரைதாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. போனால் போகட்டும், இவர்களாவது சிரித்தபடி கரையேறட்டும் என்று நினைத்தாள்.

அப்போதுதான் படகு மெல்ல உயர்ந்தது. அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு நீண்ட முதுகு. ருஃபீனோவிடமிருந்து தப்பி வந்த தாய், படகைத் தாங்கிப் பார்த்துவிட்டு இறக்கியது. மறுநொடி குட்டி பக்கத்தில் தலைநீட்டி, எவேலியோ முகத்தில் ஒரு குடம் மூச்சைப் பீய்ச்சியது.

எவேலியோவின் மீசையில் தண்ணீர் சொட்டியது.

"தொடலாமா, கேப்டன்?" என்றார், மிகவும் மெதுவாக.

"தலைய நீட்டுதுல்ல, தொடுங்க. கண்ணுகிட்டயும் மூச்சுத் துவாரத்துகிட்டயும் மட்டும் வேண்டாம்."

எத்தனையோ மாட்டை வெட்டிய அந்தக் கை குட்டியின் தாடையில் படிந்தது. "ஏ பிரிஹிதா, வழுவழுன்னு இருக்குடி," என்றவர் வெட்கமில்லாமல் அழுதார். நெரைதாவுக்கு எழுந்து ஆட வேண்டும்போல இருந்தது. படகு கவிழும் என்பதால் உட்கார்ந்தே இருந்தாள்.

ரேடியோ மறுபடி கரகரத்தது. குரல் இறங்கியிருந்தது. "நெரைதா... என் படகுல இருக்கவங்க ஒண்ணும் சரியாப் பாக்கல. பக்கத்துல வரட்டுமா?"

"வாங்க மச்சான். தள்ளி நின்னு கியரை எடுத்துருங்க. அதுக்கா தோணுனா வரும்."

"சரி."

"சாயங்காலம் கூட்டம் இருக்கே?"

"கூட்டம் கிடக்கு. நீ சத்தம் போட்டு குட்டிய வெரட்டிராத."

ருஃபீனோவின் படகு தள்ளி வந்து நின்றது. அதன் எஞ்சினும் முனகத் தொடங்கியது. தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, அவர் குனிந்து உள்ளங்கையால் தண்ணீரைத் தட்டினார். பிரிஹிதாவின் அக்கா தன் பாட்டை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். ருஃபீனோவும், வேறு வழியில்லாமல், கூடப் பாடினார். குட்டி எவேலியோவின் கையிலிருந்து நழுவி, இரண்டு படகுகளுக்கும் நடுவே தலையைத் தூக்கி, அசையாமல் நின்றது.