ஏழு துவக்குகளும் ஒரு வெறுந்தாளும்

றெமிஜியஸ் என்னிடம் ட்ரஸ்ட் என்ற சொல்லை முதன்முதலில் சொன்ன அன்றே நான் அவனைக் கவனிக்கத் தொடங்கினேன். பத்து வருடமாக என்னோடு ஒரே வான் வண்டியில் ஏறி இறங்கியவன், வீட்டுக்கு வருகிற இங்கிலிஷ் கடிதத்தைக்கூட என்னிடம் தந்து வாசிப்பித்துக் கேட்பவன், திடீரென்று சட்டம் பேசினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

"கம்பனி வேண்டாம் மச்சான். ட்ரஸ்ட் எண்டு ஒண்டு இருக்காம். கடையையும் துவக்குகளையும் அதில போடுவம்," என்றான்.

"உனக்கு ஆர் சொன்னது?"

"ஒராள் சொன்னது."

அந்த ஒராள் யார் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்லுவான் என்று நினைத்தேன். நான் அப்படிப்பட்டவன்தான். பஸ்ஸில் ஒருவன் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தால் அடுத்த தரிப்பில் இறங்கிவிடுவேன்.

பார்க்டேலில் ஒரு தளபாடக் கடையின் பின்பக்கம் எங்களுக்கு ஒரு களஞ்சியம் இருந்தது. ரொறன்ரோவில் படம் பிடிக்க வருகிறவர்களுக்குப் பழைய சாமான்களை வாடகைக்கு விடுவது தொழில். சுழற்றுகிற தொலைபேசி, தட்டெழுத்து இயந்திரம், ஆஸ்பத்திரிக் கட்டில், இரண்டு சவப்பெட்டி. அவற்றோடு, இரும்பு அலுமாரியில் பூட்டி வைத்த ஏழு துப்பாக்கிகள். நான்கு கைத்துப்பாக்கி, மூன்று நீட்டுத் துவக்கு. எல்லாம் உண்மையானவை. குண்டில்லாத தோட்டா போட்டுச் சுட்டால் சத்தமும் புகையும் வரும், ஆள் சாகமாட்டான்.

எங்களுக்குத் தொழில் பழக்கிய டேவ் என்ற வெள்ளைக்காரர் ஓய்வு பெற்றபோது கடையை எங்கள் இருவருக்கும் பாதி பாதியாகக் கொடுத்தார். துப்பாக்கிகளை மட்டும் றெமியின் பெயரில் பதிந்தார். அதற்கான பரீட்சையை அவன்தான் எழுதியிருந்தான். நான் பாஸ் பண்ணமாட்டேன் என்றில்லை. துவக்குக்காரர் பட்டியலில் என் பெயர் ஏறக்கூடாது என்று இருந்துவிட்டேன்.

அதற்குக் காரணம் இருக்கிறது. மன்னாரில் என் அப்பாவிடம் லைசன்ஸ் எடுத்த துவக்கு ஒன்று இருந்தது. பன்றி கலைக்க வைத்திருந்தார். எண்பத்தைந்தில் அரசாங்கக் கச்சேரியில் இருந்த லைசன்ஸ் பட்டியலை யாரோ பிரதி எடுத்தார்கள். முதலில் இயக்கப் பெடியள் அந்தப் பட்டியலோடு வந்து துவக்கை வாங்கிக்கொண்டு போனார்கள். மூன்று மாதம் கழித்து ஆமி அதே பட்டியலோடு வந்து துவக்கு எங்கே என்று கேட்டது. அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் திருப்பிக் கொண்டுவரவில்லை. அதன் பிறகு பெயர்ப் பட்டியல் என்றால், கலியாண வீட்டு அழைப்புப் பட்டியலாக இருந்தாலும், எனக்குக் கை கூசும்.

இப்போது தொண்ணூற்றெட்டு. மார்கழி முதலாம் திகதி கனடாவில் துப்பாக்கிகளுக்குப் புதுச் சட்டம் வருகிறது. எது யாருடையது என்று எல்லாவற்றையும் புதிதாக எழுதவேண்டும். தவறினால் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். அதே நேரம் என் மனைவி பேர்ணடெற்றும் மகள் றஜிதாவும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் நாலாவது வருடமாகக் கனடா விசாவுக்குக் காத்திருக்கிறார்கள். ஃபைல் பாதுகாப்புச் சோதனையில் நிற்கிறது. நான் விட்டுவிட்டு வரும்போது றஜிதாவுக்கு ஒன்றரை வயது. இப்போது பன்னிரண்டு வயதில் தொலைபேசியில், "அப்பா, உங்கட முகம் படத்தில இருக்கிற மாதிரியே இருக்குமோ?" என்று கேட்கிறாள். தமிழன் ஒருவனின் பெயரும் துவக்கு என்ற சொல்லும் ஒரே தாளில் இருந்தால் அந்த ஃபைலுக்கு என்ன நடக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

ஸ்காபரோவில் சந்திரவதனா என்ற சட்டத்தரணியிடம் போனோம். சின்ன வயது. ஆனால் முகத்தில் சிரிப்பு என்ற சாமானே இல்லை.

"கம்பனி எண்டால் துவக்கு கம்பனியின்ர," என்றாள். "ஆனா டிரெக்டர்மாரின்ர பெயரும் விலாசமும் ஆரும் எடுத்துப் பாக்கலாம். நீங்கள் நினைக்கிற மாதிரி கம்பனிப் பெயருக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கேலாது அண்ணை."

நான் நினைத்ததை அவள் எப்படிக் கண்டுபிடித்தாள் என்று அவள்மீதும் ஒரு சந்தேகம் வந்தது.

"ட்ரஸ்ட்?" என்றான் றெமி.

"அது அமெரிக்காவில சில பேர் செய்யிறது. இங்கத்தைய துவக்குச் சட்டத்துக்கு ஆள் தெரியும், பிசினஸ் தெரியும், ட்ரஸ்ட் தெரியாது. ட்ரஸ்ட்டை நடத்திற ஆளின்ர பெயரிலதான் துவக்கு பதிவாகும். பலன் ஆருக்கு எண்டு நீங்கள் வேற பத்திரத்தில எழுதி வைக்கலாம். அந்தப் பெயர் துவக்குப் பட்டியலில வராது."

றெமியின் முகம் மலர்ந்தது. "அப்ப அந்தப் பெயரை ஒருத்தரும் காணமாட்டினமோ?"

"சும்மா காணமாட்டினம்."

அவனுக்கு மறைக்க ஒரு பெயர் இருக்கிறது. எனக்கு அது போதும். திரும்பி வரும்போது வானை நான்தான் ஓட்டினேன். அவன் வானொலியில் போன பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டு வந்தான்.

அடுத்த கிழமை ரூஜ் என்ற பகுதியில், புது வீடொன்றில் விளம்பரப் படப்பிடிப்பு. கட்டிலை இறக்கிவிட்டுக் கோப்பி வாங்கப் போனேன். டோனற் கடை ஜன்னலுக்குப் பக்கத்தில் றெமி இருந்தான். பல்லுக் கொதி என்று காலையில் லீவு கேட்டவன்! அவனுக்கு முன்னால், கட்டையாகத் தலைமயிர் வெட்டிய, கழுத்துப்பட்டி கட்டிய ஒரு தமிழன். மேசையில் குறிப்புப் புத்தகம். றெமி கையை விரித்து விரித்து ஏதோ சொல்ல, அந்த ஆள் எழுதிக்கொண்டிருந்தான்.

பின்னேரம் கேட்டேன். "பல்லு எப்பிடி?"

"புடுங்கேல்லை. மருந்து தந்து விட்டவை," என்றான், கன்னத்தைத் தடவிக்கொண்டு. நல்லாத்தான் நடித்தான்.

அந்த நாட்களில் ரொறன்ரோவில் யார் இயக்கத்துக்குச் சேர்க்கிறான், யார் பொலிசுக்குச் சொல்லிக்கொடுக்கிறான் என்று ஒருவருக்கும் தெரியாது. றெமி துவக்கு சேர்க்கிறவனா, ஆள் காட்டுகிறவனா? இரண்டில் எது என்றாலும் பேர்ணடெற்றின் ஃபைலுக்குச் சாவுதான். மறுநாள் அவன் இல்லாத நேரம் அலுமாரியைத் திறந்தேன். நீட்டுத் துவக்கு மூன்று. கைத்துப்பாக்கி மூன்று. திரும்பவும் பார்த்தேன். கறுப்புப் பிடி போட்ட ஒன்றைக் காணவில்லை.

 சவப்பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவனிடம் நேரே கேட்டிருக்கலாம். மேசை லாச்சியைத் திறந்து பார்த்திருந்தாலும் போதும். இரண்டையும் செய்யாமல் என் சூட்கேசைத் திறந்தேன்.

எண்பத்தெட்டில் பார்க்டேலில் ஒரு படுக்கையறை வீட்டில் ஐந்து பேர் இருந்தோம். அகதி விண்ணப்பம், வாடகைக் கடிதம், சட்ட உதவி என்று கிழமைக்கு ஒரு தாள் கேட்பார்கள். ஒருவன் பகல் வேலை, ஒருவன் இரவு வேலை, ஆளை ஆள் காண்பதில்லை. அதனால் வெறுந்தாள்களின் அடியில் கையெழுத்து வைத்து ஒருவரிடம் ஒருவர் கொடுத்து வைத்தோம். யார் வீட்டில் நிற்கிறானோ அவன் மேலே எழுதி அனுப்புவான். எங்கள் ஆட்களைத் தவிர உலகத்தில் வேறு எவனாவது இப்படி ஒரு விசர்வேலை செய்திருப்பானா தெரியாது. றெமியின் கையெழுத்தோடு ஐந்து தாள் என்னிடம் மிஞ்சிக் கிடந்தன. என்னுடையவை அவனிடம் எத்தனை கிடந்தன என்று நான் யோசிக்கவே இல்லை.

களஞ்சியத்துத் தட்டெழுத்து இயந்திரத்தில் ஒரு தாளைச் செருகினேன். அதில் ஆங்கில ஆர் எழுத்துக்கு வால் அறுந்திருக்கும். துப்பாக்கிகள் ஏழையும் கடையில் தன் பங்கையும் கிறிஸ்துநாயகம் ஆகிய எனக்கு விட்டுத்தருவதாக, நான் ஒருவனே டிரெக்டராக இருக்கும் கம்பனிக்கு அவை போகச் சம்மதிப்பதாக, றெமியின் கையெழுத்துக்கு மேலே அடித்தேன். பட்டியலுக்குப் பயந்தவன் நானாகவே என் பெயரை எழுதினேன். என் பெயரில் இருந்தால் ஒருவேளை ஃபைல் இழுபடும். றெமியின் கையில் இருந்து ஒரு துவக்கு தவறான இடத்துக்குப் போனால் ஃபைலே இருக்காது. அப்படித்தான் கணக்குப் போட்டேன். தாளைத் தபாலில் சந்திரவதனாவுக்கு அனுப்பினேன்.

நாலாம் நாள் அவளே தொலைபேசி எடுத்தாள். "இரண்டு பேரும் வாங்கோ. சேர்ந்து வாங்கோ."

போனோம். அவள் மேசையில் இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இரண்டிலும் ஆர் எழுத்துக்கு வால் இல்லை.

"ஒரே கிழமையில ஆளுக்கொரு தாள் அனுப்பியிருக்கிறியள். இதில றெமிஜியஸ் அண்ணை எல்லாத்தையும் விட்டுத்தாறார். இதில நீங்கள் எல்லாத்தையும் விட்டுத்தாறியள். நான் எதை நம்பிறது?"

இரண்டாவது தாளின் அடியில் என் கையெழுத்து. பத்து வருடத்துக்கு முந்திய, வளைவு கூடின கையெழுத்து. 

"கள்ளன்!" என்று கத்தினேன். "எனக்குத் தெரியும், நீ இதைத்தான் செய்வாயெண்டு. காணாமப் போன துவக்கு எங்கை? உந்த டோனற் கடையில இருந்தவன் ஆர்?"

 றெமி என் தாளை எடுத்து, எழுத்துக்கூட்டி, விரலை ஓடவிட்டு வாசித்துக்கொண்டிருந்தான். சந்திரவதனா ஒரு மூன்றாவது பத்திரத்தை என் பக்கம் தள்ளினாள்.

"கத்தாமல் இதை வாசியுங்கோ அண்ணை."

ட்ரஸ்ட் பத்திரம். நடத்துகிறவர் றெமிஜியஸ். கடை வருமானத்தின் பாதி, விற்றால் விலையின் பாதி, பலன் பெறுகிறவர்கள் பேர்ணடெற், றஜிதா. கொழும்பு லொட்ஜின் விலாசத்தைக்கூடச் சரியாகப் போட்டிருந்தான். பின்னால் ஒரு றிசீற் குத்தியிருந்தது. மிசிசாகாவில் ஒரு துப்பாக்கி திருத்துகிறவரிடம், கறுப்புப் பிடி போட்ட கைத்துப்பாக்கி ஒன்று, விலை மதிப்பதற்காக. அதன் பிரதிதான் எங்கள் லாச்சியில் கிடந்திருக்கிறது.

"டோனற் கடையில இருந்தவன் அரசாங்க ஆள்," என்றான் றெமி, தாளில் இருந்து கண்ணை எடுக்காமல். "ஒரு மாதமா உன்னைப் பற்றித்தான் விசாரிச்சுக்கொண்டு திரிஞ்சவன். துவக்குகள் ஆரின்ர எண்டு கேட்டான். எல்லாம் என்ர, உனக்கு ஒண்டும் தெரியாதெண்டு சொன்னன். சொன்னால் போதுமோ? தாளிலயும் அப்பிடித்தானே இருக்கவேணும்."

"எனக்கு ஏன்ராப்பா சொல்லேல்லை?"

"சொன்னால் நீ நித்திரை கொள்ளமாட்டாய். பிள்ளையின்ர ஃபைல் போச்செண்டு ஊரைக் கூட்டுவாய். உன்னை எனக்குத் தெரியாதோ?"

  வெட்கம் என்றால் என்ன என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அவன் சட்டைப் பைக்குள் கைவிட்டு, நாலாக மடித்த தாள்களை எடுத்து மேசையில் வைத்தான். வெறுந்தாள்கள். ஒவ்வொன்றின் அடியிலும் என் கையெழுத்து.

"இது உன்ரை. இண்டைக்கு உனக்குக் காட்டி இரண்டு பேருமாச் சிரிக்கவெண்டுதான் கொண்டுவந்தன்." குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "என்ரை மிச்சத்தை நாளைக்குத் தந்துவிடு."

சந்திரவதனா நான் அடித்த தாளைக் கிழித்துக் கூடைக்குள் போட்டாள். மற்றத் தாளை எங்கள் இருவரையும் அவளுக்கு முன்னால் புதிதாக எழுதிக் கையெழுத்து வைக்கச் சொன்னாள். றெமி முதலில் வைத்தான். ட்ரஸ்ட் பத்திரத்திலும் அதே இரண்டு பெயர். ஒரு சொல்லும் மாற்றச் சொல்லவில்லை.

மறுநாள் தாள்களைக் கொண்டுபோனேன். அவன் ஒவ்வொன்றாக எண்ணினான். ஐந்தில் ஒன்று போக நாலு. சரி என்று தலையை ஆட்டினான். அவன் என்னிடம் எதையும் எண்ணி வாங்கியது அதுதான் முதல் தடவை. தை மாதத்தில் நான் ஒரு பேக்கரியில் வேலைக்குப் போய்விட்டேன். அவன் போகச் சொல்லவில்லை. நில் என்றும் சொல்லவில்லை.

தொண்ணூற்றொன்பது ஆனியில் விசா வந்தது. விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவு திறந்தபோது றஜிதா தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, என் முகத்தையும் கையில் இருந்த படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். நான் கூசாமல் அழுதேன். பேர்ணடெற்றும் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"றெமி அண்ணை வரேல்லையே? மாதம் மாதம் எங்களுக்குக் கடிதம் போட்டவர். வந்திறங்கிற அண்டைக்கு வான் கொண்டு வாறனெண்டு எழுதினவர்."

"எப்ப எழுதினவன்?"

"போன கார்த்திகை வரைக்கும் எழுதினவர். வீட்டுச் செலவுக்குக் காசும் அனுப்பினவர். பிறகு காசு மட்டும் வருது, கடிதம் இல்லை," என்றாள். "அவரோட ஏதும் சண்டை பிடிச்சனீங்களே?"

நான் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு, டாக்ஸி நிற்கிற பக்கம் நடந்தேன்.