கார் என்னுதுங்க

திருத்தணி பஸ் ஸ்டாண்டு அருகே நின்றிருந்த ஷோபனாவின் கார்க் கண்ணாடியை, கூட்டாளிகளோடு பந்தயம் கட்டி உடைத்தான் பதினேழு வயது உதயா. மற்றவர்கள் ஓடிவிட்டார்கள், இவன் மாட்டிக்கொண்டான்.

ஷோபனா வந்தபோது, அங்கிருந்தவர்கள் அவனைக் கம்பத்தில் கட்டி அடித்துக்கொண்டிருந்தார்கள். சிலர் செல்போனில் படம் எடுத்தார்கள்.

“நாலு சாத்து சாத்துனாதான் திருந்துவானுங்க,” என்றார் பழக்கடை முனியன்.

“கார் என்னுதுங்க. அவுத்து விடுங்க,” என்றாள் ஷோபனா.

முணுமுணுத்துக்கொண்டே அவிழ்த்துவிட்டார்கள். அவனை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள்.

“என்னை ஏங்க்கா காப்பாத்துனீங்க?”

“காப்பாத்துனேன்னு யாரு சொன்னது? ஸ்டேஷனுக்குத்தான் போய்க்கினு இருக்கோம். கம்ப்ளெயின்ட் குடுக்கப் போறேன்.”

உதயா தலையாட்டினான். “எங்கம்மாகிட்ட நானே போன்ல சொல்லட்டாக்கா?” என்றான்.

ஷோபனா வண்டியை ஓரமாக நிறுத்தி, தன் போனை நீட்டினாள்.