முழங்கைப் பிளாஸ்திரி

கொழுந்தன் கருத்தையாவின் முழங்கை மடிப்பில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி முதல் நாளே சத்தியப்பிரியாவை உறுத்தியது. காரைக்குடி லேபுக்கு ரத்தம் கொடுக்கப் போனவன் அவள் புருஷன் உடையப்பன். துணைக்குப் போனவன் கையில் பிளாஸ்திரி எதற்கு?

"கருவேல முள்ளு குத்திருச்சு மதினி."

முள் என்ன, நரம்பைத் தேடிப் பிடித்தா குத்தும்? உடையப்பனோ அந்தச் சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டையைக் கழற்றவே இல்லை. வம்பு எதற்கு என்று வாயை மூடிக்கொண்டாள். அந்தப் பொறுமைக்காகப் பிறகு தன்னையே எத்தனை தடவை திட்டிக்கொண்டாளோ.

கல்யாணமாகி ஐந்து வருஷம், பிள்ளை இல்லை. அவளுக்குப் பார்த்த பரிசோதனையெல்லாம் சரியாக இருந்தது. அவனுக்குத்தான் உயிரணு குறைவு. மாத்திரை எழுதுமுன் டாக்டர் சொல்லியிருந்தார்:

"இது எல்லா ஆம்பளைக்கும் கேக்காதும்மா. ரத்தத்துல ஒரு ஹார்மோன் ரொம்ப ஏறியிருந்தா, குடுத்தும் பிரயோசனமில்ல. அளவா இருந்தா நம்பிக் குடுத்துப் பாக்கலாம்."

ரிப்போர்ட்டில் அளவாக இருந்தது. மாமியார் சின்னத்தாயி அந்தக் காகிதத்தை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, சொந்தக்காரர் வீடெல்லாம் ஏறி இறங்கிவிட்டாள்.

"எம்மகன் மேல குத்தமில்லன்னு லேபே எழுதிக் குடுத்துருச்சு."

அப்படியானால் குற்றம் யார் மேல்? வாய்விட்டுச் சொல்லவே வேண்டாம், பார்வையே சொன்னது. வளைகாப்புக்குக் கூப்பிடுவது நின்றது. ஆறு மாத மாத்திரை பலனில்லாமல் தீர்ந்தபோது, கீழச்சிவல்பட்டியில் மகனுக்கு வேறு பெண் பார்த்திருப்பதாகப் பேச்சு வந்தது. உடையப்பன் வேண்டாம் என்று சொல்லவில்லை. தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

மறுநாள் இருவரும் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அவர் பழைய ரிப்போர்ட்டையும் புதிய உயிரணு எண்ணிக்கையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"இந்த ஹார்மோன் அளவுக்கு உயிரணு கொஞ்சமாவது ஏறியிருக்கணுமே. எனக்கே பிடிபடல."

சத்தியப்பிரியாவுக்குப் பிடிபட்டது. அந்தப் பிளாஸ்திரி கண்ணுக்குள் வந்து நின்றது. கருத்தையாவுக்கு மூன்று பிள்ளைகள்.

"திரும்ப ரத்தம் எடுங்க டாக்டர். இங்கனயே, எங்கண்ணு முன்னாடி."

"எதுக்கு இப்ப?" என்று உடையப்பன் எழுந்தான். முகம் வெளிறியிருந்தது.

"உக்காருங்க. சட்டைக் கைய மடிங்க."

அவன் கையை இழுத்துக்கொண்டதால் நர்ஸ் இரண்டு தடவை குத்த வேண்டியதாயிற்று.

ஒரு வாரத்தில் ரிப்போர்ட் வந்தது. ஹார்மோன் மூன்று மடங்கு ஏறிக் கிடந்தது. இது அப்போதே தெரிந்திருந்தால் இந்த மாத்திரையை உங்களுக்குக் கொடுத்திருக்கவே மாட்டேன் என்றார் டாக்டர், உடையப்பனைப் பார்த்து.

பஸ் ஸ்டாண்டில்தான் வாயைத் திறந்தான்.

"தம்பியத்தான் குடுக்கச் சொன்னேன். தேறாதுன்னு தெரிஞ்சா நீ என்னைய விட்டுட்டுப் போயிருவேன்னு பயந்துட்டேன் பிரியா."

"தேறாதுன்னு சொல்லியிருந்தா ஒங்க கூடவே இருந்திருப்பேன். ஆறு மாசமா ஊரு என்னைய மலடின்னு பேசுச்சு. கேட்டுக்கிட்டுத்தான இருந்தீக?"

அவன் அழுதான். வீட்டுக்குப் போகும் பஸ் வந்து நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறிய உடையப்பன், பக்கத்து இருக்கையில் துண்டை விரித்து இடம் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தான். சத்தியப்பிரியா அந்த ரிப்போர்ட்டோடு தன் அம்மா ஊர் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தாள்.