கேட்டதுக்கு மட்டும்

ஈர விரிப்பின் ஒரு முனையை இவள் பிடிக்க, மறு முனையை வாயாடி என்று எல்லோரும் கூப்பிடும் பெண் பிடிக்க, சுருக்கம் விழாமல் இழுத்துச் சூடான இஸ்திரி உருளைக்குள் கொடுத்தார்கள். அந்தப் பக்கம் அது ஆவி பறக்க, மொடமொடவென்று வெளியே வந்தது. ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளை வெளுத்துத் தேய்த்துக் கொடுக்கும் சலவைக்கூடம் அது. காலையில் வந்து நின்றால் சாப்பாட்டு மணி வரை கை ஓயாது.

இவளை எல்லோரும் ஸ்தோத்திரக்கா என்றார்கள். விரல் சுட்டாலும் ஸ்தோத்திரம், மணி அடித்தாலும் ஸ்தோத்திரம் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். அவளுக்கும் அதில் வருத்தமில்லை. புருஷன் போய்ச் சேர்ந்து, மகனும் போன் பண்ணுவதை விட்டபிறகு, ஓர் அறையில் ஒண்டிக்கட்டையாகக் கிடப்பவளுக்கு நினைப்புகள்தான் துணை. அவையே அவளைப் பிடுங்கித் தின்னவும் செய்தன. அதனால் அடுப்புப் பற்றவைக்கும் முன் பைபிளில் ஒரு வசனம் படிப்பாள். அன்றைக்கு முழுக்க எந்த நினைப்பு வந்தாலும், வாசலில் நிற்கிற ஆளை விசாரிப்பது போல, நீ அந்த வசனத்துக்கு ஒத்து வருவாயா என்று கேட்பாள். மகன் தன்னை மறந்துவிட்டான் என்று தோன்றும். இல்லை, பிள்ளைக்கு வேலை அதிகம், ஸ்தோத்திரம் என்று அதை அனுப்பிவிடுவாள். சில நாள் அது போவதாக இல்லை. அப்போதெல்லாம் விரிப்பை இன்னும் இழுத்துப் பிடிப்பாள்.

அந்த வாரம் படித்ததெல்லாம், யார்மேலும் தீங்கு நினைக்கக்கூடாது என்பதைப் பற்றி.

உருளைக்கு முன்னால் குறுக்கே ஒரு கம்பி உண்டு. கை அதில் பட்டால் போதும், மெஷின் நின்றுவிடும். துணி மடிந்து முட்டினாலும் நிற்கும் என்பதுதான் தொல்லை. துணி மலையாகக் குவிந்து கிடந்த ஒரு நாள் சூப்பர்வைசர் முணுமுணுத்துக்கொண்டே வந்து, கிழிந்த விரிப்பிலிருந்து ஒரு பட்டையை உருவி, கம்பி அசையாதபடி இறுக்கிக் கட்டினார். அதற்குப் பிறகு மெஷின் நிற்கவே இல்லை.

வேலை ஓடினால் சரி, எவள் கை போனால் இவனுக்கென்ன என்று அவளுக்குச் சுருக்கென்று வந்தது. வந்த வேகத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பாவம், அவருக்கும் மேலேயிருந்து எத்தனை நெருக்கடியோ.

"பார்த்தீங்களாக்கா, கட்டிட்டுப் போறத?" என்று வாயாடி காதருகே வந்து கத்தினாள். "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, கேப்பாரு. நான் சொன்னா, போடி வாயாடின்னுட்டுப் போயிருவாரு."

"நல்லதையே நினைப்போம்டி. ஆண்டவர் பார்த்துக்குவாரு."

"உங்க ஆண்டவருக்கு ஆயிரம் வேலை. நீங்க சொன்னா என்ன, முத்தா உதிர்ந்துரும்?"

அவள் சிரித்து மழுப்பினாள். அந்தக் கூடத்தில் அவளிடம் வேலை தவிர வேறு பேச்சுப் பேசுகிற ஒரே ஆள் வாயாடிதான்.

அடுத்த வாரம் ஒரு விரிப்பின் ஓரம் மடங்கியது. வாயாடி அதை நீவிவிடக் கையை நீட்டினாள். கை துணியோடு போனது, மணிக்கட்டு வரை. கம்பி நெஞ்சில் முட்டியும் உருளை சுற்றியது. ஸ்தோத்திரக்கா சுவரோரம் ஓடி சுவிட்சை அணைத்துவிட்டுத் திரும்பியபோது, வாயாடி கண்ணை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில்தான் பேசினாள், அதுவும் மெதுவாக. "என் தப்புன்னு எழுதிட்டா நஷ்டஈடு ஒண்ணும் தரமாட்டாங்களாம்க்கா. இனிமே எந்தக் கையை வச்சு நான் பிள்ளைங்களுக்குச் சோறு போடுவேன்?"

விபத்தை விசாரிக்க லேபர் ஆபீசர் வந்தபோது துணிப்பட்டை இல்லை. கம்பியை எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தார்கள்.

"இந்தம்மாகிட்டயே கேளுங்க சார்" என்றார் சூப்பர்வைசர். "விசுவாசி. உயிரே போனாலும் பொய் சொல்லமாட்டாங்க."

"கம்பியில கோளாறுன்னு நீங்க யார்கிட்டயாவது சொன்னீங்களாம்மா?"

"இல்லீங்க. ஆனா அதுல..."

"கேட்டதுக்கு மட்டும் சொல்லுங்க. சொன்னீங்களா, சொல்லலியா?"

"சொல்லல."

ஆபீசர் மெஷினை ஓட விட்டுக் கம்பியை அழுத்தினார். உடனே நின்றது. "வேலை செய்யுதுல்ல?"

"செய்யுதுங்க."

அவர் எழுதினார். நின்ற இடத்திலிருந்தே அவளால் படிக்க முடிந்தது. தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதி, கீழே கோடும் போட்டார். சொன்னது அத்தனையும் உண்மைதான். அந்த உண்மையே வாயாடியின் கழுத்தை அறுத்ததைப் பார்த்து அவள் நின்றாள்.

வேலை சுமுகமாக முடிந்த நிம்மதி சூப்பர்வைசருக்கு. "சார், கிளம்புறதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணுக்காக ஒரு சின்ன ஜெபம். நீங்களே பண்ணுங்கம்மா."

எல்லோரும் வந்து தலைகுனிந்து நின்றார்கள். ஆபீசரும் ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு கண்ணை மூடினார்.

"ஆண்டவரே, ஸ்தோத்திரம்" என்று தொடங்கினாள். வழக்கமாகத் தானே வந்து விழும் வார்த்தைகள் வரவில்லை. இத்தனை நாள் விரட்டிய நினைப்புதான் வந்தது. அவள் அதை விரட்டவில்லை.

"ஆண்டவரே, அந்தக் கம்பியைத் துணியால கட்டி வச்சிருந்தாங்க. நான் பார்த்தேன். கெட்ட நினைப்புன்னு நானே தள்ளிவிட்டுட்டேன். அது நீர் குடுத்த நினைப்புன்னு எனக்குத் தெரியல. அவ சொல்லச் சொன்னா, நான் வாயத் திறக்கல. அவ கவனமாத்தான் இருந்தா ஆண்டவரே. கட்டினவரு இங்கதான் நிக்கிறாரு..."

"ஆமென்" என்றார் சூப்பர்வைசர், உரக்க.

பழக்கதோஷம். குனிந்திருந்த அத்தனை பேரும் "ஆமென்" என்றார்கள். ஆபீசரும் சொன்னார். சொல்லிக்கொண்டே பேனாவைச் சட்டைப்பையில் செருகினார். யாரோ சுவிட்சைப் போட, உருளைகள் இரைச்சலோடு சுற்றத் தொடங்கின. எல்லோரும் அவரவர் இடத்துக்குப் போய்விட்டார்கள். அவள் மட்டும் கண்ணைத் திறக்காமல் அங்கேயே நின்றாள். உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.