மிசுஹோவை அழித்தது யார்?

டிவி ரெக்கார்டரின் பட்டியலில் என் மகள் இல்லை.

மேலிருந்து கீழே தேடினேன், கீழிருந்து மேலே தேடினேன். என் கணவரின் சுமோ பந்தயங்கள் பத்திரமாக இருந்தன. நான் பதிந்து வைத்த சமையல் நிகழ்ச்சியும் இருந்தது. சனிக்கிழமைக் காலை நிகழ்ச்சி மட்டும் துடைத்து எடுத்தமாதிரி போயிருந்தது. வேறு யார் செய்வார்கள்? வீட்டில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர்.

கனஸவாவில் நல்ல வங்கி வேலையை உதறிவிட்டு, நனாவ் விரிகுடாவில் சிப்பி வளர்க்கப் போனாள் மிசுஹோ. அன்றைக்கு இவர், "இனிமே இந்த வீட்ல அவ பேரையே எடுக்கக்கூடாது" என்றார். இரண்டு வருஷமாக எடுக்கவும் இல்லை. மனுஷனுக்குப் பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம். நானும் அவளும் மட்டும் திருட்டுத்தனமாக போனில் பேசிக்கொள்வோம். "டிவில என்னைக் காட்டப்போறாங்கம்மா" என்று அவள் சொன்னதும் சத்தமில்லாமல் பதிவுக்குப் போட்டு வைத்தேன். இவர் முடிவெட்டப் போயிருந்த நேரத்தில் ஒரே ஒரு தடவை பார்த்தேன். ரப்பர் பூட்ஸோடு மிதவையில் நின்று, கயிற்றை இழுத்து, சேறு தெறித்த முகத்தோடு சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த போனில் அவள் இன்னொன்றும் சொல்லியிருந்தாள். "அப்பா வாயால ஒரு வார்த்தை வரட்டும். ஓபோன் பண்டிகைக்கு வந்துடறேன்." முன்னோர்களைக் கும்பிட எல்லாப் பிள்ளைகளும் வீடு திரும்பும் ஓபோனுக்கு அதிக நாளில்லை. வராவிட்டால் இனி எப்போதுமே வரமாட்டாள் என்று என் மனசுக்குப் பட்டது.

இவரும் கொஞ்ச நாளாகவே சரியில்லை. நான் காய்கறிச் சந்தையிலிருந்து திரும்பினால் ரெக்கார்டர் சூடாக இருக்கும். கதவுச் சத்தம் கேட்டதும் டிவியில் வானிலை அறிக்கை ஓடும். வானிலையை அத்தனை ஆசையாகப் பார்க்க இவர் என்ன மீனவரா? அலமாரிக்குப் பின்னால் காலி டிவிடிக்களின் உறை ஒன்று கிடந்தது. வயசான காலத்தில் கண்ட கண்ட படத்தைப் பதிகிறாரோ என்றுகூட நினைத்தேன், கர்மம்!

நேராகவே கேட்டுவிட்டேன். ஊர் வழக்கப்படி நானும் அவரை அப்பா என்றுதான் கூப்பிடுவது.

"அப்பா, சனிக்கிழமை நிகழ்ச்சியை அழிச்சது நீங்கதானே?"

"எந்த நிகழ்ச்சி?"

"தெரியாத மாதிரி நடிக்காதீங்க."

"மெஷின் ஏதாவது பண்ணியிருக்கும். என்னை ஏன் கேக்கறே?"

காது இரண்டும் சிவந்து போயின. பொய் சொல்லும்போது இவருக்கு எப்போதும் அப்படித்தான். பெற்ற பெண்ணின் முகத்தை ஒரு பட்டனில் அழிக்க எப்படி மனசு வந்தது?

அவர் நடக்கப் போனதும் மிசுஹோவுக்கு போன் போட்டேன். ஆத்திரத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"அதானே பார்த்தேன்" என்றாள் அவள். "அப்பா எனக்கு ஒரு டிவிடி அனுப்பியிருந்தார்மா. ஒரு வரி எழுதலை. ஆசையா போட்டுப் பார்த்தா ஒண்ணுமே இல்லை, காலி. நீ எனக்கு ஒண்ணுமில்லைன்னு சொல்றார், அவ்வளவுதானே? நான் வரலைம்மா. ஓபோனுக்கும் வரலை, எதுக்கும் வரலை."

போனை வைத்துவிட்டாள். அன்று நான் அவருக்குச் சோறு வைத்தேனே தவிர, முகம் கொடுக்கவில்லை.

மறுநாள் பக்கத்து வீட்டு ஹதனகா அம்மா வெள்ளரிக்காய் கொண்டுவந்தாள். கூடவே, "உங்க பொண்ணு டிவில அவ்வளவு லட்சணமா இருந்தா!" என்றாள்.

"நீங்க எங்க பார்த்தீங்க?"

"உங்க வீட்டுக்காரர் டிவிடி குடுத்தாரே. தெருவுக்கே குடுத்தாரே!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் நம்பவில்லை. "அப்படியா? என்ன கலர் பூட்ஸ் போட்டிருந்தா?"

"வந்து... நல்ல கலர்தான்..."

"ஹதனகா அம்மா!"

அவள் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டாள். "தப்பா நினைக்காதீங்க. எங்க மெஷின்ல ஓடவே இல்லை. எதிர் வீட்லயும் ஓடலை, பார்பர் வீட்லயும் ஓடலை. அவ்வளவு சந்தோஷமா குடுத்தவர்கிட்ட அதைப் போய் எப்படிச் சொல்றது? எல்லாருமா நல்லா இருந்துதுன்னு சொல்லிட்டோம்."

உள்ளே போனேன். அவர் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்திருந்தார். பேப்பரைப் பிடுங்கி, ஹதனகா அம்மா சொன்னதைச் சொன்னேன்.

"ஓடலையா?" என்று பதறினார். "ஒவ்வொண்ணையும் இங்க போட்டுப் பார்த்துட்டுத்தானே குடுத்தேன்!"

ரெக்கார்டரோடு வந்த விளக்கப் புத்தகத்தை இரண்டு பேருமாகப் புரட்டினோம். டிஜிட்டல் ஒளிபரப்பில் ஒரு நிகழ்ச்சியைப் பத்து பிரதிதான் எடுக்கலாமாம். பத்தாவதை எடுத்ததும் பெட்டியில் இருப்பது தானாக அழிந்துவிடுமாம். அதோடு, டிவிடியைக் கடைசியில் மூடி முத்திரை போடுகிறமாதிரி ஒரு வேலை செய்ய வேண்டும். செய்யாவிட்டால் பதிந்த பெட்டியைத் தவிர வேறு எதிலும் ஓடாது.

"அது ஏதோ கேட்டுது" என்றார் மெதுவாக. "ரொம்ப நேரமாகும்னு போட்டிருந்துது. வேண்டாம்னு அழுத்திட்டேன். கடைசியா இன்னொண்ணு கேட்டுது, அதுக்குச் சரின்னு அழுத்தினேன். அதுக்கப்புறம் அவளைக் காணோம். நானே அழிச்சுட்டேன்னு உன்கிட்ட எந்த மூஞ்சியோட சொல்றது?"

"பத்தாவது எங்கே?"

"அவளுக்குத்தான் அனுப்பினேன். எழுத ஒரு வார்த்தையும் வரலை."

அட, கடவுளே! நான் மிசுஹோவிடம் சொன்னதையும், அவள் சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. எழுந்து போனை எடுத்து, அவள் எண்ணை என்னிடம் கேட்காமலே அழுத்தினார்.

"நான்தான்" என்றார். பிறகு போன் ஒயரை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நின்றார். அந்தப் பக்கம் அவள் வைத்துவிடப் போகிறாள் என்று நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"அந்த டிவிடி காலியில்லை, மிசுஹோ. அதுல நீ இருக்கே. நம்ம வீட்டு மெஷின்ல மட்டும்தான் ஓடும்."

ஒலிபெருக்கியில் போட்டமாதிரி அவள் குரல் எனக்கும் கேட்டது. "அப்போ... அதைத் திருப்பி அனுப்பட்டுமாப்பா?"

"வேண்டாம். எனக்கு அந்த மெஷின் சரியாத் தெரியலை" என்றார், ஆயுசில் தெரியாது என்றே சொல்லாத மனுஷன். "நீ வந்து போடு."