அலையில்லாத ஊரின் அலைப்பாட்டு

ரோனிலுக்கு நீச்சல் தெரியாது. கடலில் கணுக்காலுக்கு மேல் நனைந்ததுமில்லை. ஆனாலும் தீவு நகரமான லவுத்தோக்காவில் அலைச்சறுக்கு பற்றி ராக் பாட்டு கட்டிய ஒரே ஆள் அவன்தான். போட்டிக்கு யாரும் வராததால் முதலிடம் சுலபமாகக் கிடைத்தது.

பாட்டு ஆங்கிலத்தில் இருந்தது. மலை உயரம் எழும் அலையே, என்னையும் என்னவளையும் ஒரே பலகையில் ஏற்றி அக்கரை சேர் என்று மூன்று சரணம். அலையின் இரைச்சலுக்காக அவன் கிதாரில் பிடித்தது சர்க்கரை ஆலையின் இரைச்சல். அலை புரளும் தாளத்துக்கு, கரும்பு ரயில் பெட்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நகரும் தாளம். வேறு என்ன செய்வான்? ஊர்க் கடல் தட்டில் ஊற்றிய கஞ்சி மாதிரி அசையாமல் கிடக்கும். அலையெல்லாம் எட்டத்தில் பவளத்திட்டோடு நின்றுவிடும். கரையிலிருந்து பார்த்தால் வெறும் வெள்ளைக்கோடு.

அந்த ‘என்னவள்’ செல்சி. டிரம் அடிக்கும் பிராங்கின் தங்கை. அண்ணனும் தங்கையும் திங்கட்கிழமை விமானத்தில் வான்கூவர் போகிறார்கள். பட்டாளம் இரண்டாவது தடவையாக ஆட்சியைப் பிடித்த எண்பத்தேழு கடைசி அது. முடிந்தவர்கள் எல்லாரும் போய்க்கொண்டிருந்தார்கள். “போனதும் உன்னைக் கூப்பிட்டுக்கிறேன்” என்று செல்சி ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதற்காகத்தான் ரோனில் இந்தப் பாட்டையே கட்டினான்.

பாடிக் காட்ட மிஞ்சியிருந்தது ஞாயிறு மட்டுமே. ஞாயிறோ அப்போது சட்டப்படி ஓய்வுநாள். வேலை கூடாது, விளையாட்டு கூடாது, கடற்கரை கூடாது; பாட்டென்றால் சபைப்பாட்டு மட்டும். பிராங்க் வீட்டு ஜன்னல்களில் போர்வை கட்டி, டிரம்முக்குள் தலையணை திணித்து, மெதுவாக ஆரம்பித்தார்கள். ராக் பாட்டை முணுமுணுப்பது தும்மலை அடக்குகிற மாதிரி. மூன்றாவது சரணத்தில் ரோனில் தும்மிவிட்டான். தெருமுனைவரை கேட்டது.

உள்ளே வந்தவர்கள் ஒரு கார்ப்பரலும் இரண்டு சிப்பாய்களும்.

“நல்ல பாட்டு. எந்தச் சபைப் பாட்டு?” என்றான் கார்ப்பரல்.

“மெதடிஸ்ட், சார்” என்றான் பிராங்க்.

“நானும் மெதடிஸ்ட்தான். எங்க புத்தகத்துல இதைக் காணோமே.”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவன் கைவசம் சொந்தமாக ஒரு சட்டம் இருந்தது. “வீட்டு ஆளுங்க மட்டும்னா இது ஜெபம். நான் போயிடுவேன். விருந்தாளி இருந்தா பார்ட்டி. பார்ட்டின்னா எல்லாரும் ஸ்டேஷனுக்கு.” பிறகு செல்சியைப் பார்த்துக் கேட்டான். “நீங்க ரெண்டு பேரும் அண்ணன் தங்கச்சி, மூக்கைப் பாத்தாலே தெரியுது. இவன் யாரு உனக்கு?”

இதைவிட நல்ல கேள்வியைக் கடவுளே கேட்டிருக்க முடியாது என்று ரோனிலுக்குத் தோன்றியது. ‘கட்டிக்கப் போறவர்’ என்று அவள் சொன்னால் ஜெபமும் ஆச்சு, ராணுவ மரியாதையோடு நிச்சயதார்த்தமும் ஆச்சு. சட்டைக் காலரைக்கூடச் சரிசெய்துகொண்டான்.

செல்சி அவனைப் பார்த்தாள். சுவரோரம் சீட்டு ஒட்டித் தயாராக நின்ற பெட்டிகளைப் பார்த்தாள். பெட்டிகளைத்தான் அதிக நேரம் பார்த்தாள்.

“விருந்தாளி இல்ல சார். ரேடியோ ரிப்பேர் பண்ண வந்தவன். பேருகூடத் தெரியாது.”

“ஞாயித்துக்கிழமை வேலையா?”

“அது அவன் குத்தம்தானே சார்.”

“நாங்க வேணாம்னுதான் சொன்னோம்” என்று பிராங்க் சேர்த்துக்கொண்டான்.

கார்ப்பரல் டிரம்மைப் பார்த்தான், கிதாரைப் பார்த்தான். “அப்ப பாடினது ரேடியோ?”

“ஆமா சார்” என்றாள் செல்சி. “அவன் சாமானையும் எடுத்துக்கச் சொல்லுங்க.”

கிதாரைக் கையில் திணிக்கும்போது பிராங்க் காதோரம் சொன்னான். “உனக்குத்தான் விசாவே இல்லையேடா. உனக்கு என்ன நஷ்டம்?”

ரோனிலை ஏற்றிய ராணுவ லாரி ஸ்டேஷனுக்குப் போகாமல் துறைமுகத்துக்கு அப்பால் கரையோரம் நின்றது. கார்ப்பரல் கிதாரை வாங்கி வைத்துக்கொண்டு கடலைக் காட்டினான். “அலையைப் பத்தித்தானே பாட்டு? உள்ள போ. கழுத்தளவு. அங்கேருந்து பாடு.”

ரோனில் போனான். காலடியில் சேறு வழுக்கியது. பாடினான். இரண்டாவது தடவையிலேயே சிப்பாய்கள் பல்லவியைப் பிடித்துக்கொண்டார்கள். சபையில் பழகிய தொண்டைகள். ஒருவன் மேல்குரலில் போனான், ஒருவன் கீழ்க்குரலில் தாங்கினான். பாட்டு முதல் தடவையாக அவன் மனசுக்குள் கேட்ட மாதிரியே இருந்தது. அழுகை வந்தது. முகம் ஏற்கெனவே நனைந்திருந்ததால் வசதியாகப் போயிற்று.

“ஏ ரேடியோ” என்று கார்ப்பரல் கூப்பிட்டான். “அந்தப் பொண்ணு பொய் சொல்லிச்சுன்னா இப்பவே சொல்லு. உன்னை விட்டுட்டு அங்க போறோம். அந்தப் பெட்டிங்க நாளைக்கு பிளேன் ஏறாது.”

தலையை ஆட்டினால் போதும். செல்சி இங்கேயே கிடப்பாள், அவனை மாதிரி. அந்த நினைப்பு இனிப்பாகத்தான் இருந்தது. ரோனில் அதை ஒரு நிமிஷம் வாயில் வைத்திருந்துவிட்டுத் துப்பினான்.

“ரேடியோ ரிப்பேர்தான், சார்.”

“ஆச்சா?”

“இல்ல சார். பழைய செட்டு.”

“சரி, பாடு.”

ராணுவப் படகு ஒன்று துறைமுகத்தைச் சுற்றி வந்தது. அது கிளப்பிய அலை முழங்கால் உயரம்கூட இல்லை. கழுத்தளவில் வாயைத் திறந்து நிற்பவனுக்கு அது போதும். மலை உயரம் எழும் அலையே என்று இழுத்த இடத்தில் வந்து வாய்க்குள் இறங்கியது. அவன் கால் வழுக்கி முழுகி, இருமிக்கொண்டு எழுந்தபோது கரையில் மூன்று பேரும் கைதட்டினார்கள்.

“ஒன்ஸ்மோர்” என்றான் கார்ப்பரல்.

ரோனில் மூக்கைச் சிந்திவிட்டு, முதல் சரணத்திலிருந்து ஆரம்பித்தான்.