வியர்வை அடங்கும்வரை

கஞ்சி வடியக் கவிழ்த்திருந்த சோற்றுப் பானையை மலர்க்கொடி நிமிர்த்துவதற்குள், கணவன் பரிதியைக் காரிலிருந்து இறக்கிக் கூடத்தில் கிடத்திவிட்டார்கள். சட்டையெல்லாம் ரோட்டுப் புழுதி. வலது உள்ளங்கையில் கடிவாள வார் பதிந்த தடம் சிவப்பாக இருந்தது.

"எல்கைக் கோட்டத் தாண்டிட்டாருக்கா. நம்ம வண்டிதான் மொதல்ல," என்றான் மீரா உசேன். பந்தயத்தில் பரிதியோடு வண்டியில் ஏறுபவன். "எறங்குறப்ப நெஞ்சப் புடிச்சாரு. ஆம்புலன்ஸ்காரங்க அங்கேயே பாத்துட்டு இல்லன்னுட்டாங்க."

"என்ன இல்ல?"

அவன் தோள் துண்டை எடுத்துப் பரிதியின் தாடையைச் சேர்த்துக் கட்டினான்.

குதிரை வண்டிப் பந்தயம் நின்று ஒன்பது வருடமாகியிருந்தது. ஒரத்தநாடு வரை ஊர் ஊராகப் போய் நோட்டீஸ் கொடுத்து, பரிதிதான் இந்தப் பொங்கலுக்கு மறுபடி நடத்தினான். நேற்றும் அவளைக் கூப்பிட்டான்.

"நாளைக்காவது வந்து பாரேன். ஊரே வருது."

"ஊரே வந்தா சோறு யாரு வடிக்கிறது? உங்க குதிரையா?"

பந்தயம் பார்க்க வந்த கூட்டம் அப்படியே வாசலுக்கு வந்திருந்தது. அதற்கும் பின்னால், முருங்கை மரத்தில் குதிரையைக் கட்டியிருந்தார்கள். கழுத்தில் நுரை. விலாவிலிருந்து வியர்வை சொட்டியது.

"அத நடத்துனியா?" என்று மீரா உசேனைக் கேட்டாள்.

"எதக்கா?"

"ஓடி வந்த குதிரைய அப்படியே கட்டக் கூடாது. வயிறு புடிச்சிக்கும்."

தினமும் அவள் சாப்பிடக் கூப்பிடும்போது பரிதி சொல்வது அது. வியர்வை அடங்கும்வரை வாய்க்கால் கரையில் நடத்திவிட்டுத்தான் வருவான். அதற்குள் சோறு ஆறிவிடும்.

"மறந்தே போயிட்டேன்," என்று மீரா உசேன் எழுவதற்குள் அவள் படியிறங்கியிருந்தாள்.

"அண்ணன இப்படிப் போட்டுட்டு எங்க அண்ணி போறீங்க?" நாத்தனார் காத்தாயியின் குரல்.

குதிரை வந்து மூன்று வருடம். ஒருநாளும் அவள் அந்தக் கயிற்றைத் தொட்டதில்லை. அவிழ்த்ததும் அது தலையை உதறியது. பிறகு கூடவே வந்தது. கூட்டம் விலகி வழிவிட்டது. யாரோ செல்போனைத் தூக்கி, பிறகு இறக்கிக்கொண்டார்.

வாய்க்கால் மதகு வந்ததும் குதிரை நின்றது. இழுத்துப் பார்த்தாள். நகரவில்லை.

மதகுச் சுவர்மேல் பீடித் துண்டுகள் வரிசையாகக் கிடந்தன. டாக்டர் சொன்ன நாளிலிருந்து பீடியைத் தொடுவதில்லை என்று பரிதி அவளிடம் சொல்லியிருந்தான்.

அவள் கயிற்றைத் தளர்த்திவிட்டு நின்றாள். ஒரு பீடி எரிந்து முடியும் நேரம் ஆகியிருக்கும். குதிரை தானாக நடக்கத் தொடங்கியது.